மனுவோடு நின்ற வியாபாரி



அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் ரோட் ஐலண்ட் என்று ஒரு சின்ன மாநிலம் இருக்கிறது. அதன் துறைமுக நகரமான பிராவிடன்ஸில் 1738-ல் பிறந்து, 1836-ல் தம் தொண்ணூற்றேழாவது வயதில் காலமானவர் மோசஸ் பிரவுன். பிரவுன் பல்கலைக்கழகம் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் இவருடைய குடும்பத்தின் பெயர்தான். வியாபாரி, சட்டமன்ற உறுப்பினர், குவேக்கர், அமெரிக்காவின் முதல் நூற்பாலைகளில் ஒன்றுக்கு முதல் போட்டவர், அடிமை வியாபாரத்தை ஒழிக்க மனுமேல் மனு எழுதியவர் என்று அவரைப் பல விதமாகச் சொல்லலாம். அடிமை வியாபாரத்தில் பங்கு வைத்திருந்தவர் என்பதையும் இந்த வரிசையில் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு பாவத்திலிருந்து கையைக் கழுவிக்கொள்ளும் மனிதர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. கழுவிய பிறகு, அதே தொழிலை அண்ணனும் அண்டை வீட்டுக்காரனும் செய்ய முடியாதபடி சட்டம் கொண்டுவர நின்றவர்கள் குறைவு. மோசஸ் அந்த இரண்டாவது வகை. அதனால்தான் இன்று அவரைப் பற்றிப் பேச எழுந்தேன்.

நிக்கலஸ், ஜோசப், ஜான், மோசஸ் என்று சேர்ந்து தொழில் நடத்திய அண்ணன் தம்பி நான்கு பேர். மோசஸ் கடைக்குட்டி. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் ஜேம்ஸ் பிரவுன் இறந்துபோனார். அந்த ஜேம்ஸ்தான் 1736-ல் 'மேரி' என்ற கப்பலை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியவர். பிராவிடன்ஸிலிருந்து புறப்பட்ட முதல் அடிமைக் கப்பல் அது. தாயார் ஹோப்பும் சிற்றப்பா ஒபதையாவும் பிள்ளைகளை வளர்த்தார்கள். மோசஸ் பதின்மூன்று வயதில் படிப்பை நிறுத்திவிட்டுச் சிற்றப்பாவின் கடையில் கணக்கு எழுத உட்கார்ந்தார். 1764-ல் அவருடைய மகள் ஆன்னாவையே மணந்தார்.

குடும்பத்தின் பெரிய தொழில் மெழுகுவத்தி. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தலையில் கெட்டியான ஒருவகை எண்ணெய் இருக்கிறது. அதைப் பெரிய கொப்பரையில் காய்ச்சிப் பீப்பாய்களில் ஊற்றி, குளிர்காலம்வரை வைத்திருப்பார்கள். குளிரில் அது உறைந்ததும் பைகளில் கட்டி, மர அழுத்திகளில் வைத்துப் பிழிவார்கள். வடிகிற எண்ணெய் விளக்குக்குப் போகும். எஞ்சியதை வசந்தத்தில் மறுபடி பிழிந்து, காரம் போட்டு வெளுத்தால் பளபளவென்ற வெள்ளை மெழுகு கிடைக்கும். மாட்டுக் கொழுப்பு வத்தியைவிட நல்ல வெளிச்சம், நாற்றமும் இல்லை. மூலப்பொருள் விலை ஏறிவிடக் கூடாது என்பதற்காக 1761-ல் இந்த உற்பத்தியாளர்கள் கூடி ஒரு கூட்டமைப்பையே வைத்துக்கொண்டார்கள். இதோடு ரம் சாராயம், இரும்பு உலை, மேற்கிந்தியத் தீவுகளோடு சரக்கு வியாபாரம் என்று சகோதரர்களின் நிக்கலஸ் பிரவுன் கம்பெனி கை வைக்காத துறை அநேகமாக இல்லை.

1764 செப்டம்பரில் நான்கு சகோதரர்களும் சேர்ந்து 'சாலி' என்ற நூறு டன் கப்பலை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். கேப்டன் பெயர் ஈசெக் ஹாப்கின்ஸ். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கப் புரட்சிப் படையின் முதல் கடற்படைத் தளபதியாக நியமிக்கப்பட்டாரே, அதே ஹாப்கின்ஸ். கப்பலில் 17,274 காலன் ரம், மெழுகுவத்தி, புகையிலை, வெங்காயம். கூடவே கைவிலங்குகளும் துப்பாக்கிகளும். முதலாளிகள் கொடுத்த உத்தரவுக் கடிதத்தில், வீட்டு உபயோகத்துக்காகப் பதினைந்து வயதுக்கு மேற்படாத நான்கு பையன்களைக் கொண்டுவரும்படியும் எழுதியிருந்தது. அந்த முதலாளிகளில் ஒருவர் மோசஸ்.

ஹாப்கின்ஸ் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஒன்பது மாதத்துக்கு மேல் காத்திருந்து 196 பேரை வாங்கினார். அந்தப் பயணத்தின் கணக்குப் புத்தகம் இன்றும் பத்திரமாக இருக்கிறது. எத்தனை காலன் ரம்முக்கு யாரை வாங்கினார் என்பதை எழுதிய அதே கையெழுத்தில் சாவுகளும் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு பையன், ஒரு பெண், ஒரு ஆண் என்று தேதிவாரியாக எழுதி, ஓரத்தில் வரிசை எண் போட்டுக்கொண்டே போகிறார். கரையில் நிற்கும்போதே ஒரு பெண் கப்பல் தளங்களுக்கு நடுவே தூக்கிட்டுக்கொண்டாள். அதற்கும் ஒரு வரி, ஒரு எண். எவருக்கும் பெயர் கிடையாது. 1765 ஆகஸ்டில் கப்பல் புறப்பட்ட எட்டாம் நாள், 28-ஆம் தேதி, அடைபட்டிருந்தவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மாலுமிகள் சுட்டு அடக்கினார்கள். எட்டுப் பேர் மாண்டார்கள். அதன் பிறகு சிலர் கடலில் குதித்தார்கள், சிலர் உண்ண மறுத்தே இறந்தார்கள், நோயும் பரவியது. எல்லாம் முடிந்தபோது இறந்தவர் எண்ணிக்கை 109-ஐ எட்டியிருந்தது. பிழைத்தவர்களும் எலும்பும் தோலுமாக இருந்ததால் ஆன்டிகுவா தீவில் சொற்ப விலைக்குத்தான் போனார்கள்.

இதைப் படித்து மோசஸ் உடனே மனம் திருந்தினார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அதுவல்ல. கம்பெனிக்குப் பெருநட்டம். நிக்கலஸும் ஜோசப்பும் மோசஸும் அந்த வியாபாரத்தை விட்டு விலகினார்கள், நட்டக் கணக்கைப் பார்த்து. ஜான் மட்டும் 1769-ல் மறுபடி கப்பல் விட்டார். மனசாட்சி மோசஸிடம் பேச இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின.

அந்த இடைவெளியில்தான் அவர் சட்டமன்றத்தில் இருந்தார். 1764 முதல் 1771 வரை ரோட் ஐலண்ட் பொதுச் சபையில் பிராவிடன்ஸின் பிரதிநிதி. அப்போது அது பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதி. ஆனால் ஆளுநரைக்கூட மக்களே தேர்ந்தெடுத்த இடம். சபைப் பிரதிநிதிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை தேர்தல். அதில் ஏழாண்டு தாக்குப்பிடிப்பது சாமானியமல்ல. ஆளுநர் ஸ்டீபன் ஹாப்கின்ஸின் அணிக்காக மோசஸ் தேர்தல் வேலையும் பார்த்தார், பணமும் செலவழித்தார். யாரிடம் எப்போது பேச வேண்டும், ஒரு மசோதா எந்தக் குழுவில் சிக்கிச் சாகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியானது அங்கேதான்.

அந்தக் காலத்து ஒரு தோல்வியை மட்டும் சொல்கிறேன். நகரத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் வரிப்பணத்தில் இலவசப் பள்ளி நடத்த ஒரு திட்டம் 1768-ல் நகரக் கூட்டத்தின் முன் வந்தது. மோசஸ் அதற்கு முன்னின்று உழைத்தார். கூட்டம் நிராகரித்துவிட்டது. எந்த ஏழைகளுக்காகத் திட்டம் போடப்பட்டதோ அவர்களே அதை எதிர்த்தது தமக்கு வியப்பாக இருக்கிறது என்று அந்த அறிக்கைத் தாளிலேயே அவர் குறிப்பு எழுதி வைத்தார். வரி என்ற சொல்லைக் கேட்டதும் ஏழை ஏன் பயப்படுகிறான் என்பது பணக்கார வியாபாரிக்கு அப்போது பிடிபடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1773 பிப்ரவரியில் மனைவி ஆன்னா இறந்தார். மோசஸுக்கு வயது முப்பத்து நான்கு. வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை. பாப்டிஸ்ட் குடும்பத்தில் பிறந்தவர் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் கூட்டங்களுக்குப் போய் உட்காரத் தொடங்கினார். பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, பலிபீடம் இல்லை. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளிருந்து உந்துதல் வந்தவர் எழுந்து பேசுவார். அவர்கள் சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள், ஆயுதம் எடுக்க மாட்டார்கள், பெரிய மனிதர் முன் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். அந்த மௌனத்தில் அமர்ந்தபோது, மனைவியின் சாவையும் தாம் வைத்திருந்த அடிமைகளையும் அவரால் தனித்தனியே நினைக்க முடியவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி உற்றார் உறவினரைக் கூட்டி வைத்துக்கொண்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். தமக்கு முழு உரிமையாக இருந்த ஆறு பேரை விடுவித்தார். மெழுகுவத்தித் தொழிற்சாலையில் வேலை செய்த இன்னும் நான்கு பேர் சகோதரர்களுக்குப் பொதுச் சொத்து. அவர்களில் தம் கால் பங்கை விட்டுக்கொடுத்தார். ஒரு மனிதனில் கால் பங்கு! அந்தக் காலத்துச் சட்டமும் கணக்கும் இதை ஏற்றுக்கொண்டிருந்தன. விடுதலையானவர்கள் பயிரிட்டுக்கொள்ளத் தம் பண்ணையில் ஆளுக்கு ஓர் ஏக்கர் நிலத்தையும் ஒதுக்கினார். 1774-ல் குவேக்கர் சபை அவரை உறுப்பினராக ஏற்றது.

குவேக்கர்களும் முதல் நாளிலிருந்தே அடிமை முறைக்கு எதிரிகள் அல்லர். ரோட் ஐலண்டின் இன்னொரு துறைமுகமான நியூபோர்ட்டின் பணக்காரக் குவேக்கர்கள் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள், கப்பலும் விட்டார்கள். நியூஜெர்சியைச் சேர்ந்த தையற்காரர் ஜான் வுல்மன் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் வீட்டுக்காரர்களிடம் நிதானமாகப் பேசிப் பேசி அவர்களைக் கரைத்தார்கள். 1773-ல் நியூ இங்கிலாந்து ஆண்டுக் கூட்டம் உறுப்பினர்கள் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று விதித்தது. மறுத்தவர்களில் ஒருவர் முன்பு சொன்ன ஸ்டீபன் ஹாப்கின்ஸ். ஓர் அடிமைப் பெண்ணை விடுவிக்க மாட்டேன் என்றதால் அவருடைய சபை அவரை நீக்கியது. மறு ஆண்டு ஜூனில் ரோட் ஐலண்டுக்குள் அடிமைகளைக் கொண்டுவரத் தடை விதிக்கும் மசோதா நிறைவேறியபோது, சட்டமன்றத்தில் அதற்குத் துணைநின்றவரும் அதே ஹாப்கின்ஸ்தான். இரண்டாண்டு கழித்துச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. மனிதர்கள் இப்படித்தான் முன்பின் முரணாக இருக்கிறார்கள். அந்த முரண்களோடுதான் மோசஸ் வேலை செய்ய வேண்டியிருந்தது.

1774 சட்டத்துக்காக மோசஸ் உழைத்தார். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் விற்காமல் மீந்த அடிமைகளை, ஓராண்டுக்குள் திரும்ப ஏற்றுமதி செய்வதாகப் பிணை கொடுத்தால் உள்ளே கொண்டுவரலாம். வெளியே நடக்கும் வியாபாரத்தைச் சட்டம் தொடவே இல்லை. காசு அங்கேதான் இருந்தது. அமெரிக்கக் கரையிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன அடிமைக் கப்பல்களில் பாதிக்கு மேல் இந்தச் சின்ன ரோட் ஐலண்டிலிருந்து போனவை. ஒரு நூற்றாண்டில் 900-க்கும் மேற்பட்ட பயணங்கள். ஏற்றிவந்த மனிதர்கள் 1,00,000-க்கும் மேல்.

பிறகு அமெரிக்க விடுதலைப் போர் வந்தது. 1775 ஏப்ரலில் ஜானைப் பிரிட்டிஷார் நியூபோர்ட்டில் பிடித்துப் பாஸ்டனுக்குக் கொண்டுபோனார்கள். போர்க்களமாகிவிட்ட பாதையில் மோசஸ் போய், பிரிட்டிஷ் தளபதிகளிடம் பேசி அண்ணனை மீட்டுவந்தார். அந்த டிசம்பரில், முற்றுகையில் சிக்கிய பாஸ்டன் மக்களுக்குக் குவேக்கர்கள் திரட்டிய நிவாரணத்தோடு மறுபடி போனார். ஜார்ஜ் வாஷிங்டனைச் சந்தித்தார். நகரத்துக்குள் போக அனுமதி கிடைக்கவில்லை. உடனே சேலம், மார்பிள்ஹெட் முதலிய சுற்றுவட்டாரக் கடற்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய் விறகுக்கும் சோற்றுக்கும் வழியில்லாதவர்களுக்கு உதவினார்கள்.

போர் முடிந்ததும் 1783 டிசம்பரில் குவேக்கர்களின் மனு சட்டமன்றத்துக்குப் போனது. அடிமை முறையையும் ஒழிக்க வேண்டும், வெளிநாட்டு அடிமை வியாபாரத்தையும் தடுக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டார்கள். துறைமுக முதலாளிகள் வியாபாரப் பகுதியை வெட்டி எறிந்தார்கள். 1784 பிப்ரவரியில் மிஞ்சியது இதுதான்: மார்ச் 1-ஆம் தேதிக்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை அடிமையல்ல. தாய் அடிமையாகவே இருப்பாள். பிறந்துவிட்டவர்களுக்கு விடுதலை இல்லை.

சிலர் இதை ஏமாற்றுச் சட்டம் என்பார்கள். தாயைத் தளையில் வைத்துவிட்டுப் பிள்ளையை விடுவிக்கும் சட்டத்தை நியாயம் என்று என்னாலும் சொல்ல முடியாது. ஆனால் மோசஸ் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. வெட்டப்பட்ட பகுதியைத் தனி மசோதாவாக்கினார். நியூபோர்ட்டின் பாதிரியார் சாமுவேல் ஹாப்கின்ஸ் குவேக்கர் அல்லர். அவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டு வினியோகித்தார், உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். 1787 அக்டோபரில் ரோட் ஐலண்ட் குடிமக்கள் எவரும் அடிமை வியாபாரத்தில் ஈடுபடக் கூடாது என்ற சட்டம் நிறைவேறியது. ஓர் அடிமைக்கு 100 பவுன், ஒரு கப்பலுக்கு 1,000 பவுன் அபராதம். அப்படித் தடை போட்ட முதல் மாநிலம் இதுவே. அந்த வியாபாரத்தால் அதிகம் சம்பாதித்த மாநிலமே முதல் தடையையும் போட்டது. அப்போது மோசஸ் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் காத்திருந்த ஒரு குடிமகன். உறுப்பினராக இருந்த ஏழாண்டைவிட, வெளியே நின்ற இந்தக் காலத்தில்தான் அவர் பெரிய சட்டங்களைச் சாதித்தார் என்பது என் முடிவு.

இனி ஜான் கதை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். 1789-ல் மோசஸ் அடிமை வியாபார ஒழிப்புச் சங்கத்தைப் பிராவிடன்ஸில் தொடங்கியதும், ஜான் புனைபெயரில் பத்திரிகையில் அதைத் தாக்கி எழுதினார். அரசு அனுமதிக்கும் தொழில், நானில்லாவிட்டால் இன்னொருவன் செய்வான், அங்கே இருப்பதைவிட இங்கே அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்ற வாதங்கள். அன்றைய அடிமை வியாபாரிகள் எல்லோரும் சொன்னவை. யார் எழுதியது என்பது ஊருக்கே தெரியும். மோசஸ் பதில் எழுதினார். இருவரும் பேச்சை நிறுத்திக்கொள்ளவில்லை. குடும்ப நலம் விசாரித்தும் நரகத்தை எச்சரித்தும் ஒரே கடிதத்தில் எழுதிக்கொள்ளும் அண்ணன் தம்பிகள் அவர்கள். 1791-ல் பிராவிடன்ஸ் வங்கியைத் தொடங்கியதும் இருவரும் சேர்ந்துதான்.

1794-ல் அமெரிக்கக் காங்கிரஸ், அந்நிய நாடுகளுக்கு அடிமைகளைக் கொண்டுபோக அமெரிக்கத் துறைமுகங்களில் கப்பல் கட்டவும் தயார் செய்யவும் தடை விதித்தது. அதற்கும் குவேக்கர் மனுக்களே தூண்டுகோல். ஜானின் 'ஹோப்' என்ற கப்பல் 229 பேரை ஹவானாவில் கொண்டுபோய் விற்றது. 1797-ல் அந்தச் சட்டத்தின் கீழ் முதன்முதலாக நீதிமன்றத்தில் நின்றவர் ஜான் பிரவுன். வழக்கை முடுக்கியது தம்பியின் சங்கம். கப்பல் பறிமுதலானது. அடுத்து வந்த விசாரணையில் ஜூரிகள் ஜானைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். அதற்கடுத்து அவர் காங்கிரஸ் உறுப்பினராகவே போய், தடையைக் கடுமையாக்கும் மசோதாவை 1800-ல் எதிர்த்தார். சொந்த அண்ணன்மீது சட்டத்தை ஏவுவதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும் என்பதை உடன்பிறந்தவர்கள் உள்ள எவரும் உணர முடியும்.

இதுவரை மோசஸின் பக்கம் நின்று பேசினேன். இனி அப்படிப் பேச முடியாத ஒன்றுக்கு வருகிறேன். 1789-ல் மருமகன் வில்லியம் ஆல்மியின் பெயரைச் சேர்த்து ஆல்மி பிரவுன் கம்பெனியை ஏற்படுத்தி, பஞ்சு நூற்கும் இயந்திரங்களை வாங்கிப் போட்டார் மோசஸ். அவை ஓடவில்லை. அந்த நவம்பரில் இங்கிலாந்திலிருந்து சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர் வந்திறங்கினார். ஆலை இயந்திரங்களின் வரைபடத்தை வெளியே கொண்டுபோக பிரிட்டன் அனுமதிக்காத காலம். ஸ்லேட்டர் எல்லாவற்றையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். டிசம்பரில் மோசஸுக்குக் கடிதம் எழுதினார், மோசஸ் வரச் சொன்னார். 1790 டிசம்பரில் பாட்டக்கெட் அருவியின் நீர்விசையில் 72 கதிர்கள் ஓடின. முதல் தொழிலாளர்கள் ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலான ஒன்பது குழந்தைகள்.

அந்த நூலோடு போட்டிபோட்டு இறக்குமதியான துணிகளில் இந்தியத் துணியும் உண்டு. ஜானின் 'ஜெனரல் வாஷிங்டன்' கப்பல் 1787-ல் புறப்பட்டுச் சென்னையையும் புதுச்சேரியையும் தொட்டுத்தான் சீனாவுக்குப் போனது. தம்பி ஆலை வைக்க, அண்ணன் நம் கரைகளில் சரக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோசஸின் ஆலைக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது? முதலில் சுரினாமிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும். அங்கே பறித்தவர்கள் அடிமைகள். 1793-ல் எலி விட்னியின் பருத்தி அரைவை இயந்திரம் வந்த பிறகு தென் மாநிலங்களிலிருந்து, அங்கேயும் அடிமைகளே. 1790-ல் அமெரிக்காவில் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1830-ல் 20 லட்சமானார்கள். பருத்திதான் அந்தப் பெருக்கத்துக்கு முக்கியக் காரணம். ரோட் ஐலண்ட் ஆலைகள் பின்னாளில் தோட்டத்து அடிமைகள் உடுத்தும் முரட்டுத் துணியையே தனிச் சரக்காக நெய்து தெற்கே அனுப்பின. அடிமைகளை ஏற்றிய கப்பலை எதிர்த்து வழக்குப் போட்டவர், அடிமைகள் பறித்த பஞ்சை வாங்கினார். குவேக்கர்களிலேயே சர்க்கரையையும் பருத்தியையும் விலக்கியவர்கள் இருந்தார்கள். வுல்மன் சாயம் போட்ட துணியைக்கூட உடுத்தவில்லை. ஆகவே அந்தக் காலத்தில் யாருக்கும் இது தோன்றவில்லை என்று மோசஸுக்கு நாம் வக்காலத்து வாங்க முடியாது. கப்பலை அவர் கண்ணால் கண்டிருந்தார், அதன் கணக்கில் அவர் பங்கு இருந்தது. பருத்தி வயல் தூரத்தில் இருந்தது.

பிற்காலத்தில் அவர் மனம் முழுதும் பள்ளியில் இருந்தது. குவேக்கர் பிள்ளைகளுக்காக 1784-ல் தொடங்கிய பள்ளி நான்கே ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. மிச்சப் பணத்தை வட்டியோடு காத்து, பிராவிடன்ஸில் தமக்குச் சொந்தமான 43 ஏக்கரைக் கொடுத்து, 1819-ல் அதை மறுபடி திறந்தார். அப்போது அவருக்கு எண்பது வயது. மகன் ஒபதையா 1822-ல் இறக்கும்போது 1,00,000 டாலரை அந்தப் பள்ளிக்கு எழுதி வைத்தார். அங்கே படித்த ஒரு பெண் புரூடென்ஸ் கிராண்டல். அவர் 1833-ல் கனெக்டிகட் மாநிலத்தின் கேன்டர்பரி ஊரில் கறுப்பினப் பெண்களுக்கென்று பள்ளி நடத்தினார். அதைத் தடுக்கவே மாநிலம் ஒரு சட்டம் போட்டது, அவரைச் சிறையில் வைத்தது. ஊரார் கிணற்றைக் கெடுத்தார்கள், 1834-ல் கட்டடத்தைத் தாக்கினார்கள், பள்ளி மூடப்பட்டது. மோசஸ் அப்போது உயிரோடு இருந்தார்.

1836 செப்டம்பர் 6-ஆம் தேதி அவர் காலமானார். 1784 சட்டத்தால் விடுதலை பெறாமல் போன சிலர் அதன் பிறகும் ரோட் ஐலண்டில் அடிமைகளாகவே இருந்தார்கள். அடிமை முறைக்கு அங்கே இடமில்லை என்று முழுமையாகச் சொன்ன அரசியலமைப்பு 1843-ல்தான் நடைமுறைக்கு வந்தது. குவேக்கர்களின் மனு சட்டமன்றப் படியேறி அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.